எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கொக்கி

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. முகத்துக்கு நேரே டைப்பிஸ்ட் மேடம், முதுகுக்குப் பின்னால் கொக்கியம்மா. முகத்துக்கு நேரேயே கொக்கியம்மா என்றவன் நான் ஒருவன்தான். ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் அந்தச் சலுகை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் மேசை, இந்தப் பக்கம் என் மிஷின். இருபத்திரண்டு வருடம் அவர் தட்டிய தாள்களை எல்லாம் நான்தான் நகல் எடுத்தேன். அவரைப் பற்றி இங்கே நல்லவிதமாகத்தான் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை. அதை முடிந்தவரை தள்ளிப் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவரைக் கீழ்த்தளத்துப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே டைப்ரைட்டர் கிடையாது. தூசு தட்டுவதும் நம்பர் ஒட்டுவதும்தான் வேலை.

வேலை செய்கிற இடத்தில் யாராவது செத்தால் அந்தக் காகிதம் எங்கள் அலுவலகத்துக்கு வரும். லிஃப்ட் கம்பி அறுந்தது, பாய்லர் வெடித்தது, சாரம் சரிந்தது, எல்லாம் எங்களிடம்தான். செத்தவர்களின் வீட்டாரும் கூட வேலை பார்த்தவர்களும் தமிழில் அழுதுகொண்டே சொல்வார்கள். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். சொல்வதைக் கேட்டு அங்கேயே ஆங்கிலமாக்கித் தட்டுவது கொக்கியம்மாவின் வேலை. மொழிபெயர்ப்பாளர் என்று தனியாக ஒருவரை வைக்க அரசாங்கத்துக்கு மனசு வரவில்லை.

கொக்கி என்றால் ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே தொங்குமே, அபாஸ்ட்ரஃபி என்கிற அந்தச் சின்னக் குறி. எங்கள் பழைய டைப்ரைட்டரில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எட்டைத் தட்டினால் விழும். டைப்பிங் ஹையர் பரீட்சையில் இரண்டு முறை அந்தக் கொக்கியால்தான் அவர் கோட்டை விட்டாராம். வேகத்தில் குறை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, கொக்கிதான் காலை வாரியது. மூன்றாவது முறை பாஸ் செய்தபோது அவருக்கு அதன்மேல் ஒரு வெறியே வந்திருந்தது.

"ஒருத்தருக்குச் சொந்தம்னா எஸ்ஸுக்கு முன்னால கொக்கி. பல பேருக்குச் சொந்தம்னா எஸ்ஸுக்குப் பின்னால. யாருக்கும் எதுவும் சொந்தமில்ல, சும்மா நிறையப் பேர் நிக்கிறாங்கன்னா கொக்கியே வேணாம்ணே. இதுல என்ன கஷ்டம்?" என்பார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று வந்தால் எஸ் இல்லாமலே கூட்டம் சேர்ந்துவிடுமாம், அதனால் கொக்கி மறுபடி முன்னால் வருமாம். 'அதனுடைய' என்பதற்குக் கொக்கி போட்டால் 'அது இருக்கிறது' என்று ஆகிவிடுமாம். நான் தலையாட்டி வைப்பேன். ஜெராக்ஸ் மிஷினுக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை.

ஒருமுறை பெயிண்டர் வந்து கழிவறைக் கதவில் LADIE'S என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, பிளேடால் கொக்கியைச் சுரண்டி எடுத்துவிட்டு, எஸ்ஸுக்குப் பின்னால் பென்சிலால் ஒன்று வரைந்துவிட்டுத்தான் உள்ளே போனார். வெளியே மூன்று பெண்கள் அவசரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "ஒரே ஒரு லேடிக்குக் கட்டினதா இது?" என்று அவர்களிடமே கேட்டார். சிரிக்கக் கூட அவர்களுக்கு நேரமில்லை.

இதில் அவரிடம் நிரந்தரமாக மாட்டிக்கொண்டவர் எங்கள் சூப்பிரண்டு. நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. ஆங்கில வார்த்தையின் கடைசியில் எஸ்ஸைக் கண்டுவிட்டால் மனிதருக்குக் கை நிற்காது. ஒரு கொக்கியை மாட்டிவிடுவார். Chair's should not be shifted. Visitor's after 4 not allowed. இப்படித்தான் நோட்டீஸ் போர்டு முழுக்க இருக்கும், எல்லாம் அவர் கையெழுத்தில். அம்மா கொண்டையில் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக வட்டம் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் சூப்பிரண்டு பின்னால் வந்து நின்றதையும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். சூப்பிரண்டு பார்த்துக்கொண்டே நின்றார், சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு வீட்டில் வீட்டுக்காரர், இரண்டு பெண்கள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பெரியவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பிரிவில் இருந்தாள். சின்னவள் கல்லூரியில் கடைசி வருடம். இரண்டு பேரும் ஐந்தரை மணி பஸ்ஸில் ஒன்றாக வந்திறங்கி, கால்வாய் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போவார்கள். பிசாசுகள் இரண்டும் அம்மாவைச் சீண்டுவதற்கென்றே ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டி வைக்கும். Mother's are always right என்று வேண்டுமென்றே கொக்கியோடு எழுதியிருக்கும். அம்மா பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு வரும்.

அந்த வருடம் மழை ஓய்ந்து வெயில் தொடங்கியபோது துணிக் கிடங்கு எரிந்தது.

சட்டை மடித்துப் பெட்டியில் போடுகிற இடம். பட்டப்பகலில் பிடித்த தீ. முன்பக்கம் எரிந்ததால் எல்லாரும் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. நான்கு பெண்கள் அந்தக் கதவை ஒட்டியே செத்துப் போனார்கள். ஐந்தாவதாக ஒரு பெண், பேக்கிங்கில் இருந்தவர், உடம்பு வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச முடிந்தவர் அவர் மட்டும். அவர் சொல்வதை எழுதி வர அம்மாவை அனுப்பினார்கள். கைப்பெட்டி டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை என்று என்னையும் அனுப்பினார்கள். அதனால் அங்கே நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலை பதினொரு மணி. டாக்டர் பதினைந்து நிமிடம் கொடுத்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் மிஷினை வைத்தோம். அந்தப் பெண்ணின் முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் கட்டுக்கு வெளியே இருந்தன. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பின்கதவு பூட்டியிருந்துச்சாம்மா?" என்று அம்மா கேட்டார்.

"பூட்டியிருந்துச்சு."

"எந்தச் சாவியால பூட்டுவாங்க?"

"செக்யூரிட்டி சாவி."

அம்மாவின் விரல் மிஷின்மேல் அப்படியே நின்றது. தமிழில் இது ஒரு தொல்லை. செக்யூரிட்டி சாவி, டிரைவர் சீட்டு, நர்ஸ் ரூம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஒருத்தரா பத்துப் பேரா என்று நாமும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. கொக்கியை எங்கே போடுவது என்று கேட்டு நிற்கும்.

"செக்யூரிட்டின்னா அன்னைக்கு டியூட்டில இருந்தாரே, அவர் வெச்சிருந்த சாவியா?"

"இல்லம்மா. அந்த அண்ணன் பாவம், முன்கேட்ல லாரிக்குச் சீட்டு போட்டுட்டு இருந்தாரு. இது செக்யூரிட்டி ரூம் ஆணியில தொங்கும். ஆறு பேருக்கும் அது ஒண்ணுதான். யாரு வேணா எடுப்பாங்க. மேனேஜரும் எடுப்பாரு."

"அன்னைக்கு யாரு எடுத்துப் பூட்டினது?"

"பாக்கலம்மா. பாக்காததை எப்படிச் சொல்ல."

அந்த நிலைமையிலும் பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்றார். அம்மா தட்டினார்: The back door was locked with the guards' key. எஸ், அப்புறம் ஷிஃப்ட், எட்டு. அடுத்த வரிக்கு உருளையைத் திருப்பும்போது அந்தப் பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. அலறல் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். போதும், கைநாட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்றார். ஆணி, ஆறு பேர், மேனேஜர் எதுவும் தாளில் ஏறவில்லை. கால் விரலில்தான் மை தடவி ஒற்றி எடுத்தோம். கைவிரல் அந்த நிலைமையில் இல்லை. ஒற்றிய பிறகு தாளில் ஒரு புள்ளி கூடச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் கேட்டேன். "ஆணி விஷயத்தைத் தட்டாம வந்துட்டீங்களே?"

"பரவாயில்லண்ணே. கொக்கிய எஸ்ஸுக்குப் பின்னாலதான் போட்டிருக்கேன். ஆறு பேரும் அதுக்குள்ள நிக்கிறாங்க" என்றார். அவர் அதை நம்பினார். கொக்கியை அவ்வளவு நம்பியவரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் இறந்துபோனார்.

இதன் பிறகு விஷயம் மிக எளிது. பல பேருடைய சாவி என்றால் யார் பூட்டியது என்று தேட வேண்டும். தேடினால் மேனேஜரிடம் போய் நிற்கும், அவரைத் தாண்டி முதலாளியிடமும் போகும். ஒரே செக்யூரிட்டியின் சாவி என்றால் தேட வேண்டியதே இல்லை. அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் ஒருவர்தான். ஜன்னலை உடைக்கப் போய் இரண்டு கையையும் சுட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். நான்கு உயிருக்கும், ஐந்தாவது உயிருக்கும் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். நடுவில் நின்றது அந்த ஒரு கொக்கி.

கிடங்கு முதலாளியின் ஆள் வந்து சூப்பிரண்டு அறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போன மறுநாள், சூப்பிரண்டு எழுந்து அம்மாவின் மேசைக்கே வந்தார். வழக்கமாக ஆளைக் கூப்பிடத்தான் செய்வார். கையில் அந்தத் தாள், பிளாஸ்டிக் உறையில்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். இதுல ஒரு தப்பு விழுந்திருக்கு. நீங்க தப்பே பண்ண மாட்டீங்க, அதான் ஆச்சரியமா இருக்கு."

"எங்க சார்?"

"கொக்கி. ஒருத்தர்னா எஸ்ஸுக்கு முன்னாலன்னு நீங்கதானே இத்தனை வருஷமா எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? அன்னைக்கு டியூட்டில ஒருத்தர்தானே?"

"டியூட்டில ஒருத்தர் சார். சாவி ஆறு பேரோடது."

"அப்படின்னு இதுல எழுதலையே."

"கொக்கி எழுதியிருக்கு சார்."

சூப்பிரண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டே கட்டம். எஸ் போன இடத்துல கொக்கி, கொக்கி இருந்த இடத்துல எஸ். அகலம் கூட மாறாது. ஒயிட்னர் வேணும்னா என் டேபிள்ல இருக்கு."

"கைநாட்டு வெச்ச தாள்ல நான் கை வைக்க மாட்டேன் சார்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "சரி, விடுங்க" என்றார். இரண்டு அடி நடந்தவர் திரும்பி, "பொண்ணுங்க எப்படி இருக்காங்க? ரெண்டு பேரும் ஒண்ணாதான் வீட்டுக்குப் போறாங்களோ?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் யார் வீட்டுப் பிள்ளைகளையும் விசாரித்ததில்லை. அம்மா மிஷினில் புதுத் தாளைச் செருகினார்.

அடுத்து வந்த நாட்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சின்னச் சின்னதாக நடந்தது. ஒருநாள் அவர் மிஷினில் ரிப்பன் இல்லை. ஒருநாள் அவர் மேசை டிராயர் திறந்து கிடந்தது, பூட்டிவிட்டுத்தான் போயிருந்தார். அவர் ஃபைலில் வைத்திருந்த கார்பன் நகல் காணாமல் போனது. மேசை ஃபோன் மணி அடிக்கும், எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள், பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்கும். எதிர்ப் பக்கம் டீக்கடையில் ஒருவன் தினமும் வந்து உட்கார்ந்தான். டீ குடித்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை காலை, மிஷின் உறையைத் தூக்கினால் உள்ளே நான்காக மடித்த சீட்டு. அம்மா பிரித்துப் பார்த்தார், சிரித்தார். "பாருங்கண்ணே, இந்தப் பிசாசுங்க ஆபீசு வரைக்கும் வந்துட்டுதுங்க. டிபன் பைக்குள்ள போட்டிருக்கும், எப்படியோ இதுக்குள்ள விழுந்திருக்கு." கை தானாகக் கொண்டைக்குப் போனது. சிவப்புப் பேனாவால் கொக்கியை வட்டம் போட்டார். போட்ட பிறகுதான் முழுதாகப் படித்தார்.

கொட்டை எழுத்தில் ஒரே வரி. Your daughter's walk home by canal road.

அவர் பெண்கள் ஏன் உன் பெண்கள் என்று எழுதப் போகிறார்கள்? அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. பேனா மூடி கீழே உருண்டு என் மிஷினுக்கு அடியில் போனது. நான் குனிந்து எடுக்கப் போனேன். நிமிர்ந்தபோது அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். Chair's. Visitor's. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்தக் கட்டடத்தில் எஸ்ஸைக் கண்டால் கொக்கி போடுகிறவர் ஒரே ஆள்தான். சீட்டு தெருவிலிருந்து வரவில்லை. பத்தடி தள்ளியிருந்த அறையிலிருந்து வந்திருந்தது.

"பயமா இருக்குண்ணே" என்றார் அம்மா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் கேட்டதில்லை. உடனே ஃபோனை எடுத்து வீட்டுக்காரரிடம், இன்றிலிருந்து பெண்களை நீங்களே ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வாருங்கள், கால்வாய்ப் பக்கம் போகவே வேண்டாம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சூப்பிரண்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

"சார், இது உங்களோடதுன்னு நினைக்கிறேன். திருத்தியிருக்கேன். பொண்ணுங்க நடக்கறாங்க, எதுவும் அவங்களுக்குச் சொந்தம்னு சொல்லல. அதனால கொக்கி வேணாம்."

சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "என்ன மேடம் இது, யார் எழுதினதுன்னே தெரியலையே. போலீஸ்ல சொல்லுவோமா?" என்றார். சீட்டை மடித்தார், தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் பாத்துக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

சீட்டு அதோடு போயிற்று. நகல் எடுப்பதுதான் என் பிழைப்பு. சிவப்பு வட்டத்தோடு அது ஐந்து நிமிடம் என் கண்முன்னால், மிஷினுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. ஒரு நகல் எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. தோன்றியது, கை நீளவில்லை.

இனித் தள்ளிப் போட இடமில்லை. அடுத்த திங்கட்கிழமை அம்மா லீவு. சின்னவளுக்குக் கல்லூரியில் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று போயிருந்தார். சூப்பிரண்டு என்னிடம் வந்து ஒரு தாளைக் கொடுத்து, "மூணு நகல், கொஞ்சம் டார்க்கா" என்றார். நின்றுகொண்டே இருந்தார். தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது என் கட்டைவிரலில் ஒரு சொரசொரப்பு தட்டியது. இத்தனை வருடம் தாளோடு புழங்கிய விரல். ஒயிட்னர் காய்ந்த இடம் எது என்று அதற்கு நன்றாகத் தெரியும். guard's key என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கைப்பெட்டி மிஷினில் கொக்கி கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து விழும். இது நேராக, தடியாக, சூப்பிரண்டு அறை மிஷினில் விழுகிற மாதிரி விழுந்திருந்தது. டார்க்காக எடுத்தால் ஒயிட்னர் தெரியாது, சாய்வும் தெரியாது.

பொத்தானை அழுத்தினேன். மூன்று முறை வெளிச்சம் ஓடியது. சூப்பிரண்டு நகலையும் மூலத்தையும் எடுத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்கு" என்றார்.

என்னை யாரும் மிரட்டவில்லை. என் பிள்ளைகள் எந்த வழியாக வீட்டுக்குப் போகிறார்கள் என்று யாரும் சீட்டு எழுதவில்லை. அம்மாவை மிரட்டினார்கள், அதற்குப் பிறகும் அவர் மாட்டேன் என்றார். நான் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே சரி என்றுவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விசாரணை மூன்று மாதம் கழித்து நடந்தது. மேலிடத்திலிருந்து அதிகாரி வந்தார். நீள மேசை, மூடிய ஜன்னல், மேலே சுற்றும் மின்விசிறி. பேச்செல்லாம் ஆங்கிலம். செக்யூரிட்டிக்காரர் மூலையில் ஒரு ஸ்டூலில், பக்கத்தில் போலீஸ்காரர். கைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள், விரல்கள் விரியாமல் ஒட்டிப்போன மாதிரி இருந்தன. ஐம்பது வயதிருக்கும். யார் பேசினாலும் பேசுபவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கிடங்கின் மற்ற ஐந்து செக்யூரிட்டிகளில் ஒருவரும் வரவில்லை. மேனேஜர் வந்திருந்தார், பின்கதவுச் சாவியைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அம்மாவிடம் நகலைக் காட்டினார்கள். அவர் அதைக் கையில் வாங்கக் கூட இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "இது நான் போட்ட கொக்கி இல்லை" என்றார். எஸ்ஸுக்குப் பின்னால் போட்டதைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொல்லிக் கேட்ட ஆணி, ஆறு பேர், மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னார். கால்வாய் ரோட்டுச் சீட்டையும் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூலத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். அறை மாற்றும்போது தவறிவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் சூப்பிரண்டு. கார்பன்? அதுவும் தவறிப்போன அதே ஃபைலுக்குள்தான் இருந்ததாம். சீட்டு? அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லையே என்றார், அதே மெதுவான குரலில்.

"ஆஸ்பத்திரியில் உங்களோடு வேறு யார் இருந்தார்கள்?" என்று அதிகாரி அம்மாவைக் கேட்டார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே ஜன்னல் காற்றில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அதிகாரி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். நகல் எடுக்கும்போது மூலத்தில் ஏதாவது திருத்தம் தெரிந்ததா? அந்தப் பெண் சாவியைப் பற்றித் தாளில் இருப்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்லிக் கேட்டீர்களா?

சூப்பிரண்டு என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் பேனாவை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"நோ சார்" என்றேன். அடுத்ததற்கும், "நோ சார்."

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதிகாரி எழுதிய நான்கு வரியை வாசித்தார். செக்யூரிட்டிக்காரர்மேல் கிரிமினல் வழக்கு, காவலில் வைக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில்தான் வாசிக்கப்பட்டது.

நான் முதலில் வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் தண்ணீர்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வந்து நின்றார்கள். செக்யூரிட்டிக்காரர். போலீஸ்காரர் அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். அவர் ஒட்டிப்போன விரல்களை ஒன்றோடொன்று சேர்க்கப் பார்த்தார், சரியாகச் சேரவில்லை, அப்படியே கும்பிட்டார்.

"அண்ணே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நீங்க எழுந்து நின்னு ரெண்டு வாட்டி 'நோ'ன்னு சொன்னது மட்டும் புரிஞ்சுது. அது என் சாவி இல்லன்னுதானே சொன்னீங்க? எனக்காக இங்க ஒருத்தரும் வாயத் திறக்கலண்ணே. நீங்க ஒருத்தர்தான்."

அம்மா வாசலில் வந்து நின்றது கண் ஓரத்தில் தெரிந்தது. எல்லாம் கேட்டிருப்பார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

செக்யூரிட்டிக்காரர் முகம் மலர்ந்தது. போலீஸ்காரரிடம் திரும்பி, "பாத்தீங்களா சார்" என்றார். போலீஸ்காரருக்கு ஆங்கிலம் தெரியும் போலிருக்கிறது, அவர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வாங்க, வேன் நிக்குது" என்று கூட்டிக்கொண்டு போனார். அவர் படியிறங்கும்போது இன்னொரு முறை திரும்பி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.